வீட்டில் செய்த விளக்கில் முகப்படம்: பல்பை விடுங்கள், துணியைக் கவனியுங்கள்

முதலில் உங்கள் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் புரியும். 40 செ.மீ. அகலமுள்ள ஒரு பலகையில் 12 எல்இடி பல்புகளை வரிசையாகப் பொருத்தி, முன்னால் பட்டர் பேப்பர் ஒட்டி, சொந்தமாக ஒரு சாஃப்ட்பாக்ஸ் (வெளிச்சத்தை மென்மையாக்கும் விளக்குப்பெட்டி) செய்திருக்கிறீர்கள். அதைக் கேமராவுக்குப் பக்கத்திலேயே, ஆளிடமிருந்து இரண்டரை மீட்டர் தள்ளி வைத்து எடுத்தால் முகம் தட்டையாக வருகிறது, ஆனால் மூக்குக்குக் கீழே மட்டும் வெட்டினாற்போல ஒரு நிழல். தோல் சாம்பல் பூத்த மாதிரி இருக்கிறது. கண்ணுக்குள் 12 புள்ளிகளும் தனித்தனியாகத் தெரிகின்றன. இதைச் சரிசெய்ய முடியுமா, இல்லை ஸ்டுடியோ லைட் வாங்கித்தான் ஆக வேண்டுமா என்று கேட்கிறீர்கள்.

சரிசெய்ய முடியும். உங்கள் உழைப்பு முழுவதும் விளக்கைச் செய்வதில் போயிருக்கிறது, அது போக வேண்டிய இடம் வேறு, அவ்வளவுதான். எதிரே உட்கார்ந்திருப்பவரின் முகத்துக்கு, விளக்குக்குள் எத்தனை பல்பு எரிகிறது, அது என்ன கம்பெனி என்பதெல்லாம் தெரியாது. வெளிச்சம் கடைசியாக எந்தப் பரப்பிலிருந்து கிளம்பி வருகிறதோ அந்தப் பரப்பு ஒன்றுதான் தெரியும். அது துணியாக இருக்கலாம், சுவராக இருக்கலாம், ஜன்னலாக இருக்கலாம். அந்தப் பரப்பு முகத்திலிருந்து பார்க்க எவ்வளவு பெரியது, எந்தப் பக்கம் இருக்கிறது, என்ன நிறத்தில் இருக்கிறது, முழுக்க ஒரே சீராக ஒளிர்கிறதா என்ற நான்கைத்தான் நீங்கள் செய்து எடுக்க வேண்டும். பல்பை நல்லதாகப் பார்த்து வாங்கிவிடலாம்.

"பெரியது" என்றால் டேப் வைத்து அளந்து பெரியது இல்லை. சூரியனுக்குக் குறுக்களவு ஏறத்தாழ 14 லட்சம் கிலோமீட்டர், ஆனால் 15 கோடி கிலோமீட்டர் தள்ளி இருப்பதால் நம் கண்ணுக்கு அரை டிகிரிதான், அதனால்தான் நண்பகல் வெயிலில் நிழல் அவ்வளவு கறாராக விழுகிறது. மேகம் மூடியதும் வானம் முழுக்க விளக்காகிவிடுகிறது, நிழலே கரைந்து போகிறது. உங்கள் 40 செ.மீ. பலகை இரண்டரை மீட்டர் தூரத்தில் முகத்துக்கு வெறும் 9 டிகிரிதான். சூரியனை விடப் பெரியதுதான், ஆனாலும் முகத்துக்கு அது சின்ன விளக்கு. அதையே 1 மீட்டர் அகலத் துணியாக்கி 1 மீட்டர் தூரத்தில் வைத்தால் 53 டிகிரி. மூக்கு நிழல் வெட்டாக விழுகிறதா, மெல்லக் கரைகிறதா என்பதை இந்த வித்தியாசம்தான் தீர்மானிக்கிறது. பட்டர் பேப்பரை இரண்டு மூன்று அடுக்காக ஒட்டிப் பார்த்தேன், நிழல் மென்மையாகவில்லை என்று எழுதியிருந்தீர்களே, ஆகாது. ஒளிர்கிற பரப்பின் அளவு மாறவில்லையே. அடுக்கு கூடக் கூட வெளிச்சம் குறையும், புள்ளிகள் மறையும், நிழலின் ஓரம் அப்படியேதான் இருக்கும்.

அதனால் இன்றைக்கே, எதையும் புதிதாகச் செய்யாமல், ஒரு காரியம் செய்து பாருங்கள். இருக்கிற பலகையை இரண்டரை மீட்டரிலிருந்து ஒரு மீட்டருக்குக் கொண்டுவாருங்கள். நிழல் மென்மையாகும், அதோடு வெளிச்சமும் ஏறக்குறைய 6 மடங்கு கூடும், அதாவது இரண்டரை ஸ்டாப்புக்கு மேல் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இருமடங்கு). ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளி உணர்திறன்) 3200இல் எடுத்துக்கொண்டிருந்ததை 500 பக்கம் இறக்கிவிடலாம். தூரம் இருமடங்கானால் வெளிச்சம் கால்பங்காகும் என்ற விதிதான் இது. (பெரிய துணியை மிக அருகில் வைக்கும்போது அந்தக் கணக்கு அச்சுப் பிசகாமல் பொருந்தாது, கொஞ்சம் குறைவாகவே மாறும், ஆனால் திசை அதுதான்.) இதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. விளக்கு முகத்துக்கு 1 மீட்டரில், பின்சுவர் முகத்துக்கு 2 மீட்டர் பின்னால் என்றால், சுவருக்குப் போய்ச் சேர்வது முகத்தில் விழுவதில் ஒன்பதில் ஒரு பங்குதான், வெள்ளைச் சுவரே அடர் சாம்பலாக இறங்கிவிடும். அதே விளக்கை 3 மீட்டருக்குத் தள்ளினால் சுவருக்கு மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேலேயே போகும், காலண்டர், ஸ்விட்ச் போர்டு எல்லாம் பளிச்சென்று தெரியும். பின்புலத் திரை இல்லாதவர்களுக்குத் தூரம்தான் திரை.

இப்போது பல்புக்கு முன்னால் நிற்கப்போகும் அந்த 1 மீட்டர் துணிக்கான சட்டம். பல வருடங்களாக நான் பயன்படுத்துவது இதுதான். முக்கால் அங்குல பிவிசி குழாய் 1 மீட்டர் நீளத்தில் நான்கு, மூலைக்கு நான்கு எல்போ. அரை அங்குலக் குழாயிலும் செய்யலாம், ஆனால் துணியை இழுத்துக் கட்டினால் அது வில் மாதிரி வளையும். மூலைகளைப் பசை போட்டு ஒட்டாதீர்கள், வெறுமனே செருகினாலே நிற்கும், வேலை முடிந்ததும் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் போட்டுவிடலாம். துணியைச் சட்டத்தை விட நான்கு பக்கமும் ஐந்து செ.மீ. குறைவாக வெட்டி, ஓரம் மடித்துத் தைத்து, நான்கு மூலையிலும் எலாஸ்டிக் வளையம் வைத்துவிடுங்கள். எலாஸ்டிக் இழுப்பில் துணி மேளத்தோல் மாதிரி விறைப்பாக நிற்கும். சுருக்கம் இருந்தாலும் முகத்தில் விழும் வெளிச்சத்தில் பெரிதாக ஒன்றும் தெரியாது, ஆனால் கண்ணுக்குள் தெரியும், மூக்குக்கண்ணாடியில் இன்னும் நன்றாகத் தெரியும். சட்டத்தை நிறுத்தத் தனி ஸ்டாண்ட் வேண்டாம், துணி காயப்போடும் ஸ்டாண்டில் இரண்டு கிளிப் போட்டு மாட்டினால் போதும். அடியில் மட்டும் தண்ணீர் நிரப்பிய பாட்டில்களைக் கட்டுங்கள், மின்விசிறிக் காற்றுக்கே இது கப்பல் பாய் மாதிரி சாயும்.

துணி எது என்பதில் எனக்குக் கொஞ்சம் பிடிவாதம் உண்டு. வெள்ளை லைனிங் துணி நல்லது. குளியலறையில் தொங்கவிடும் பால்வெள்ளை பிளாஸ்டிக் திரையும் மிக நல்லது, ஒளியைச் சீராகப் பரப்பும், ஆனால் சூட்டுக்குப் பக்கத்தில் ஆகாது. பழைய வெள்ளைப் போர்வை கண்ணுக்கு வெள்ளையாகத் தெரிந்தாலும் ஒளி அதன் வழியாக வரும்போது மஞ்சளடிக்கும். சலவைத் தூளில் வெள்ளையைத் தூக்கிக் காட்டச் சேர்க்கும் பொருள் புற ஊதா ஒளி பட்டால் நீலமாக ஒளிரும், அதனால் அப்படித் துவைத்த துணி ஃபிளாஷ் வெளிச்சத்தில் சில நேரம் நீலம் தட்டும். சோதிப்பது சுலபம்: ஒரு வெள்ளைத் தாளை முதலில் துணியில்லாமல், அப்புறம் துணி வழியாக, வொயிட் பேலன்ஸை (வெள்ளையை வெள்ளையாகவே காட்டச் செய்யும் கேமரா அமைப்பு) மாற்றாமல் எடுத்து இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நிறம் கொஞ்சம் மாறினால் கவலையில்லை. எல்லா வெளிச்சமும் ஒரே துணி வழியாக வருகிறது என்றால் சாம்பல் அட்டை வைத்து வொயிட் பேலன்ஸ் எடுத்ததும் சரியாகிவிடும்.

ஆனால் உங்கள் படத்தில் இருக்கிற சாம்பல் பூத்த தோல் அப்படிச் சரியாகிற வகை இல்லை என்று நினைக்கிறேன். அது இரண்டு இடத்திலிருந்து வரலாம். ஒன்று பல்பு. பல்பு அட்டையில் சிஆர்ஐ (நிறங்களை எவ்வளவு சரியாகக் காட்டும் என்பதற்கான மதிப்பெண், நூறுதான் உச்சம்) 80 என்று போட்டிருந்தால் நன்றாகத்தானே இருக்கிறது என்று தோன்றும். அந்த எண் வெளிர் நிறங்கள் எட்டின் சராசரி, அழுத்தமான சிவப்பு அந்தக் கணக்கிலேயே வராது. அதை ஆர்9 என்று தனியாக அளக்கிறார்கள். சாதாரண சிஆர்ஐ 80 பல்புகள் பலவற்றில் இந்த ஆர்9 பூஜ்யத்தை ஒட்டி இருக்கும். மனிதத் தோலுக்கு, மாநிறமோ கறுப்போ வெள்ளையோ, உயிர் கொடுப்பது ரத்தத்தின் சிவப்பு. விளக்கில் அந்தச் சிவப்பே இல்லையென்றால் கம்ப்யூட்டரில் எவ்வளவு இழுத்தாலும் வராது, எல்லாமே ஆரஞ்சாகும், உதடு மட்டும் செத்தே இருக்கும். அதனால் பன்னிரண்டு சாதாரண பல்புகளுக்குப் பதிலாக சிஆர்ஐ 95க்கு மேல் என்று போட்ட நான்கு பல்புகள் போதும். காசு செலவழிக்க வேண்டிய ஒரே இடம் என்று நான் சொல்வது இதைத்தான்.

இன்னொன்று கலப்பு. அறையின் மேல்விளக்கு 6500 கெல்வினில், நீலம் தட்டிய வெள்ளையாக எரிகிறது, உங்கள் பலகை 2700 கெல்வின், அதாவது மஞ்சள், ஜன்னலில் கொஞ்சம் பகல். முகத்தின் ஒவ்வொரு பக்கமும் ஒவ்வொரு நிறம், வொயிட் பேலன்ஸ் எதைச் சரிசெய்யும்? மற்ற விளக்குகளை அணையுங்கள், திரையை மூடுங்கள். சுவரையும் பார்க்க வேண்டும். பச்சைச் சுவருள்ள அறையில் எடுத்தால் நிழல் பக்கம் பச்சையாகத்தான் வரும், சிவப்புத் தரை என்றால் தாடைக்குக் கீழே சிவப்பு ஏறும். வெளிச்சம் கடைசியாகக் கிளம்பும் பரப்பு என்று முதலில் சொன்னேனே, சுவரும் தரையும்கூட அந்தக் கணக்கில் வரும். தரையில் ஒரு சாம்பல் அல்லது கறுப்புத் துணி விரித்தாலே தாடையின் நிறம் நேராகிவிடும்.

முகம் தட்டையாக இருப்பதற்கும் இதே சுவர்தான் பாதிக் காரணம். விளக்கு கேமராவுக்குப் பக்கத்தில் இருந்தது மீதிப் பாதி. சின்ன அறை, நான்கு பக்கமும் வெள்ளைச் சுவர், மேலே வெள்ளைக் கூரை என்றால் நீங்கள் ஒரு பக்கம் அடிக்கும் வெளிச்சம் அறை முழுக்கச் சுற்றி மறுபக்கத்துக்கும் வந்துவிடும், நிழலே விழாது. ஸ்டுடியோ லைட் வாங்கினாலும் இதே அறையில் இதே தட்டை முகம்தான் வரும். இதற்கு வேண்டியது கூடுதல் வெளிச்சம் இல்லை, கறுப்பு. முகத்தின் நிழல் பக்கத்தில், படத்தில் விழாத அளவுக்கு நெருக்கமாக, அரை மீட்டர் தள்ளி ஒரு கறுப்புப் போர்வையோ கறுப்பு சார்ட் ஒட்டிய அட்டையோ நிறுத்துங்கள். கன்ன எலும்பும் தாடைக் கோடும் எழுந்து வருவதைக் கேமரா இல்லாமல் கண்ணாலேயே பார்க்கலாம்.

என் அத்தையைப் படமெடுத்த நாளைச் சொன்னால் இன்னும் தெளிவாகும். எழுபது வயது, தடித்த மூக்குக்கண்ணாடி, கழற்ற மாட்டார். அவர் வருவதற்கு முன்பே நாற்காலியில் அவர் முகம் வரும் உயரத்தில் ஒரு ஸ்டீல் கரண்டியைக் கட்டி அதன் முதுகுப்புறத்தைக் கேமராவிலிருந்து பார்த்தேன். கரண்டியின் முதுகு கருவிழி மாதிரியே வளைந்தது, அறையில் இருக்கிற எல்லாமே அதில் தெரியும்: துணிச் சட்டம் எங்கே எவ்வளவு பெரியதாக இருக்கிறது, நடுவில் பல்பு பொட்டாகத் தெரிகிறதா, மறந்துபோய் எரிந்துகொண்டிருக்கும் சமையலறை விளக்குகூட. பக்கத்திலேயே ஒரு பிங்பாங் பந்து. பந்தில் வெளிச்சம் எங்கே முடிந்து நிழல் தொடங்குகிறது, அந்த எல்லை எவ்வளவு அகலம் என்று பார்த்தால் முகத்தில் என்ன நடக்கும் என்பது தெரிந்துவிடும். ஆளை உட்கார வைத்துக்கொண்டு நாம் சோதனை செய்தால் அவர் அலுத்துவிடுவார், அந்த அலுப்பு படத்தில் வரும். அதனால் சோதனையெல்லாம் கரண்டியோடும் பந்தோடும் முடித்துவிட வேண்டும்.

அத்தை வந்து உட்கார்ந்ததும் கண்ணாடியில் ஒரு வெள்ளைச் சதுரம் கண்ணையே மறைத்தது. அது துணியின் பிம்பம். சட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்தினேன், பிம்பம் கண்ணாடிக்குள் மேலே நழுவிக்கொண்டே போய், சட்டத்தின் கீழ் விளிம்பு அவர் நெற்றிக்குக் கொஞ்சம் மேலே வந்தபோது மறைந்தது. இன்னும் ஒரு கீற்று மிச்சம், அதற்கு விளக்கைத் தொடவில்லை, கண்ணாடிக் காம்பைக் காதின் மேல் அரை செ.மீ. தூக்கி வைத்தேன், கண்ணாடி லேசாகக் கீழே சாய்ந்தது, கீற்று போய்விட்டது. இடப்பக்கம் துணி, வலப்பக்கம் வெள்ளைத் தெர்மகோல். படம் மென்மையாக இருந்தது, ஆனால் முகம் கொஞ்சம் உப்பினாற்போல, அத்தை மாதிரி இல்லை. தெர்மகோலை எடுத்துவிட்டு அந்த இடத்தில் கறுப்புப் போர்வையைக் கட்டினேன். "எதுக்குடா அதைக் கட்டுற, வெளிச்சத்தை மறைக்கவா?" என்று கேட்டார். "ஆமா அத்தை, அந்தப் பக்கம் மட்டும்" என்றேன். அடுத்த படத்தில் கன்னத்து எலும்பு இருந்தது, கண்ணோரச் சுருக்கங்கள் ஒவ்வொன்றும் இருந்தன, ஆனால் பள்ளமாக இல்லை, காதோரம் பஞ்சு மாதிரி இருக்கும் முடிகூடத் தெரிந்தது.

விளக்கு வைக்கும் இடத்தைப் பற்றி ஆயிரம் பேர் எழுதியிருக்கிறார்கள், நான் நீட்டவில்லை. முகத்துக்கு 45 டிகிரி பக்கவாட்டில், கண் மட்டத்துக்கு மேலே 45 டிகிரி, இங்கே ஆரம்பியுங்கள். மூக்கின் நிழலைப் பாருங்கள், அது கன்னத்துக்கும் உதட்டோரத்துக்கும் நடுவே சாய்வாக விழுந்தால் பெரும்பாலான முகங்களுக்கு நன்றாக இருக்கும். இன்னும் பக்கவாட்டில் நகர்த்தினால் அந்த நிழல் கன்னத்து நிழலோடு சேர்ந்து, நிழல் பக்கக் கண்ணுக்குக் கீழே ஒரு சின்ன ஒளி முக்கோணம் மிஞ்சும், ஓவியர் ரெம்பிராண்ட் பெயரால் அதை அழைக்கிறார்கள். நிழல் பக்கக் கண்ணில் ஒளிப்புள்ளி இல்லாமல் போனால் மட்டும் விளக்கை இறக்குங்கள். இன்னொரு பழக்கம் நல்ல பலன் தரும்: சட்டத்தை முகத்துக்கு நேராகத் திருப்பாமல் கொஞ்சம் முன்னால், ஆளுக்கும் கேமராவுக்கும் நடுவே இருக்கிற காலி இடத்தைப் பார்க்கத் திருப்புங்கள். முகத்தில் விழுவது துணியின் ஓர வெளிச்சம் மட்டும், பக்கத்துக் கன்னம் வெளுத்துப் போகாது.

அடர்ந்த நிறமுள்ளவர்களை எடுக்கும்போது இந்தப் பெரிய துணி இன்னும் அவசியம். வெளிர்த் தோலில் நாம் பார்ப்பது பெரும்பாலும் தோலுக்குள் போய்ச் சிதறி வெளிவரும் ஒளியை. அடர்ந்த தோலில் அது குறைவு, மேற்பரப்பில் பட்டுத் திரும்பும் பளபளப்புத்தான் முகத்தின் வடிவத்தைச் சொல்கிறது. அந்தப் பளபளப்பு விளக்கின் பிம்பம்தான். சின்ன விளக்கு என்றால் நெற்றியிலும் மூக்கு நுனியிலும் வியர்வைப் பொட்டு மாதிரி வரும், பெரிய துணி என்றால் நெற்றியிலிருந்து கன்னம் வரை பட்டுப் போல ஒரு நீண்ட ஒளி. முகம் இருட்டாக வருகிறதே என்று பயந்து எக்ஸ்போஷரை ஏற்றி நிறத்தை வெளுக்க வைப்பது எனக்குப் பிடிக்காத வேலை. பரப்பைப் பெரிதாக்குங்கள், பக்கவாட்டுக்கு நகர்த்துங்கள், அந்த நிறமே அழகாக வரும்.

அடுத்து கண்ணுக்குள் தெரியும் 12 புள்ளிகள். பல்புக்கும் தாளுக்கும் இடைவெளி போதவில்லை. பல்பைத் துணியிலிருந்து 60, 70 செ.மீ. பின்னால் தள்ளுங்கள். அப்படியும் நடுவில் பொட்டு தெரிந்தால் இரண்டாவது துணி ஒன்றை, முதல் துணியோடு ஒட்டாமல், பல்புக்கும் துணிக்கும் நடுவே இடைவெளி விட்டுத் தொங்கவிடுங்கள். ஒட்டிய இரண்டு துணியை விட விலகிய இரண்டு துணி எவ்வளவோ மேல். சீராக இருக்கிறதா என்று அறிய துணியையே படமெடுங்கள், எக்ஸ்போஷரை நன்றாக இறக்கி, துணி சாம்பலாகத் தெரிகிற அளவுக்கு. கண்ணுக்குத் தெரியாத பொட்டெல்லாம் அப்போது தெரியும். அட்டைப்பெட்டிக்குள் அலுமினியத் தாள் ஒட்டும் முறையை எல்லோரும் சொல்வார்கள். ஒட்டுவதானால் முதலில் கசக்கி, பிரித்து, அப்புறம் ஒட்டுங்கள், இல்லையென்றால் கண்ணாடி மாதிரி அங்கங்கே பளிச்சிடும். நான் இப்போதெல்லாம் உள்பக்கத்துக்கு மங்கலான வெள்ளை பெயின்ட் அடித்துவிடுகிறேன், கொஞ்சம் வெளிச்சம் குறைந்தாலும் சீராக இருக்கிறது.

கேமராவில் என்ன வைப்பது? 9 வாட் எல்இடி பல்பு ஒன்று 800, 900 லூமன் தரும். நான்கை 1 மீட்டர் துணிக்குப் பின்னால் வைத்து, துணி முகத்துக்கு 1 மீட்டரில் இருந்தால், ஐஎஸ்ஓ 800, எஃப் 2.8 (லென்ஸ் திறப்பின் அளவு), ஷட்டர் 1/100 விநாடி பக்கத்தில் ஆரம்பிக்கலாம், உங்கள் துணி எவ்வளவு குடிக்கிறது என்பதைப் பொறுத்து ஒரு ஸ்டாப் முன்பின் ஆகும். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் மட்டமான பல்பு விநாடிக்கு 100 முறை துடிக்கும், அதனால் ஷட்டரை 1/50 அல்லது 1/100இல் வைத்தால் பட்டை பட்டையாக வருவது தவிரும். 60 ஹெர்ட்ஸ் உள்ள இடத்தில் 1/60 அல்லது 1/120. செல்போனில் எடுப்பவர்கள் ப்ரோ மோடில் போய் ஐஎஸ்ஓ, ஷட்டர், வொயிட் பேலன்ஸ் மூன்றையும் பூட்டிவிடுங்கள், இல்லையென்றால் நீங்கள் கறுப்புத் துணி வைத்ததும் போன் தானாக வெளிச்சத்தை ஏற்றி உங்கள் வேலையை அழித்துவிடும், எது எதை மாற்றியது என்றே தெரியாது.

கையில் பழைய ஹாட் ஷூ ஃபிளாஷ் (கேமராவின் மேல் செருகும் வகை) இருந்தால் அதையும் இதே துணிக்குப் பின்னால் வைக்கலாம், வெளிச்சம் பல மடங்கு கிடைக்கும், அசையும் குழந்தையைக்கூட உறைய வைக்கும். ஒரு எச்சரிக்கை: ஃபிலிம் காலத்து ஃபிளாஷ்கள் சிலவற்றின் ட்ரிகர் முனையில் 200 வோல்ட்டுக்கு மேல் இருக்கும், டிஜிட்டல் கேமராவின் ஹாட் ஷூவில் நேரடியாகச் செருகினால் கேமரா கெட்டுப்போகலாம். மீட்டர் வைத்து அளந்து, எவ்வளவு வோல்ட் தாங்கும் என்று எழுதியிருக்கும் ரேடியோ ட்ரிகர் (கம்பியில்லாமல் ஃபிளாஷை இயக்கும் கருவி) வழியாக மட்டும் இணையுங்கள். பழுதான ஃபிளாஷையோ, ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போடும் கேமராவையோ திறந்து உள்ளே இருப்பதை எடுத்து ஏதாவது செய்யலாம் என்று ஒருபோதும் நினைக்காதீர்கள். அந்த கெபாசிட்டரில் 300 வோல்ட் அளவுக்கு, பேட்டரியைக் கழற்றிய பிறகும் நிற்கும்.

ஹாலஜனும் வேண்டாம். ஆரம்பத்தில் நான் 500 வாட் ஹாலஜன் ஒன்றை அட்டைப்பெட்டிக்குள் வைத்து, முன்னால் பட்டர் பேப்பர் ஒட்டி எடுத்தேன். நிறம் அற்புதமாக இருந்தது, பழைய டங்ஸ்டன் வகை விளக்குகளில் சிவப்புக்குப் பஞ்சமே இல்லை. பத்து நிமிடத்தில் தாளின் நடுவில் தேநீர்க் கறை மாதிரி ஒரு பழுப்பு வட்டம் விழுந்தது, அப்புறம் கருகல் வாசனை. பிளக்கைப் பிடுங்கினேன். எதிரே உட்கார்ந்திருந்தவர் குழந்தையோடு இருந்தார். அன்றிலிருந்து தாள், அட்டை, தெர்மகோல் மூன்றுக்கும் பக்கத்தில் சூடாகிற எதையும் வைப்பதில்லை. எல்இடி பல்புக்கும் அடிப்பாகம் நன்றாகச் சுடும், மூடிய பெட்டியில் காற்றுப் போக வழி விடுங்கள். வயர் முறுக்கி டேப் சுற்றிய இணைப்பு வேண்டவே வேண்டாம், ஹோல்டரும் பிளக்கும் சேர்ந்து வரும் வயரை வாங்குங்கள், உலோகச் சட்டம் என்றால் எர்த் கொடுங்கள், தரையில் போகும் வயரை டேப் போட்டு ஒட்டுங்கள்.

துணி போதாது, ஒளியைக் குவிக்க வேண்டும் என்ற கட்டம் வரும்போது செய்து பார்க்க ஒரு நல்ல பொருள் உறிஞ்சுகுழல் கிரிட். முடிக்கு மட்டும் பின்னாலிருந்து ஒரு கீற்று, அல்லது சுவரில் மட்டும் ஒரு வட்டம் வேண்டும் என்றால் இது. கறுப்பு உறிஞ்சுகுழல்களை ஒரே நீளத்தில் வெட்டி, ஃபிளாஷின் முகப்பளவுக்கு அடுக்கி, ஓரத்தில் பசை வைத்து, கறுப்பு அட்டையால் சுற்றிவிட வேண்டியதுதான். நீளத்தை வைத்தே கோணத்தைத் தீர்மானிக்கலாம்: 6 மி.மீ. குழலை 25 மி.மீ. நீளம் வெட்டினால் ஒளி ஏறத்தாழ 27 டிகிரிக்குள் அடங்கும், 50 மி.மீ. என்றால் 14 டிகிரிக்குள். வெள்ளைக் குழல் சரிவராது, சுவர் வழியாகவே ஒளி கசியும். கறுப்பு சார்ட்டைக் குழாயாகச் சுருட்டினாலும் ஒளி குவியும், ஆனால் ஓரம் கறாராக இருக்கும், கிரிட்டில் ஓரம் மெல்லக் கரையும். கிண்ணத்தில் செய்யும் பியூட்டி டிஷ் (முகப்படத்துக்கான கிண்ண வடிவ ஒளித்தட்டு) பற்றியும் கேட்டிருந்தீர்கள். செய்யலாம், ஆனால் முதல் மாதத்தில் வேண்டாம், துணிச் சட்டம் தருவதில் பாதிகூட அது தராது.

இப்படித் துணி கட்டிச் செய்வதை மட்டமான மாற்று வழி என்று நினைக்க வேண்டாம். 1860களில் இங்கிலாந்தின் புகைப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கேமரன் முகப்படங்கள் எடுத்தது கோழிக்கூண்டாக இருந்த இடத்தைக் கண்ணாடி அறையாக மாற்றித்தான். 1956இல் வந்த சத்யஜித் ராயின் 'அபராஜிதோ' படத்துக்குக் காசி வீட்டு முற்றத்தை ஸ்டுடியோவுக்குள் செட் போட்டபோது, ஒளிப்பதிவாளர் சுப்ரத மித்ரா செட்டுக்கு மேலே வெள்ளைத் துணியைக் கட்டி, கீழேயிருந்து விளக்குகளை அதன் மேல் அடித்தார். முற்றத்துக்கு வானத்திலிருந்து இறங்கும் நிழலில்லாத பகல் வெளிச்சம் அப்படித்தான் அங்கே வந்தது.

சரி, ஸ்டுடியோ லைட் வாங்க வேண்டுமா? இப்போது வேண்டாம். ஐந்தாறு பேரைச் சேர்த்து எஃப் 8இல் எடுக்க வேண்டும், வெயிலில் சூரியனோடு போட்டி போட வேண்டும், ஓடும் குழந்தைகளை எடுக்க வேண்டும், அல்லது பணம் வாங்கிக்கொண்டு ஒரே மாதிரி நூறு படம் தர வேண்டும், இந்த நான்கில் ஒன்று வந்தால் வாங்குங்கள், அங்கே பல்பு நிச்சயம் திணறும். அப்போதும் கூடவே சின்ன சாஃப்ட்பாக்ஸ் ஒன்று கொடுப்பார்கள், பெரும்பாலும் 60 செ.மீ.தான் இருக்கும். அதைப் பையிலேயே விட்டுவிட்டு, புது விளக்கை உங்கள் துணிச் சட்டத்துக்குப் பின்னால் வைத்து முதல் படத்தை எடுங்கள்.